குதிகால் பதியாத தடம்

நான் நடந்தால் ஒரு சத்தம் வரும். வலது கால் தொம்மென்று ஊன்றும். இடது காலில் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டுச் சர்ரென்று இழுபடும். தொம், சர். தொம், சர். ஜெயமங்கலத்து வயல்காட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது என் வேலை. வரப்பில் நான் வருவதை யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. கேட்டே சொல்லிவிடுவார்கள். "பாண்டி வாரான்டா, மடையை அடைச்சுட்டு ஓடு." இது தண்ணீர் திருட வந்தவன் சொல்வது.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. நீட்டி எழுத வராது. என்னைப் போன்ற ரத்தம் உள்ளவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். சிலவற்றுக்கு டாக்டர் விளக்கம் சொன்னார். சிலவற்றுக்கு அவரிடமும் விளக்கம் இல்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே என் முழங்கால் வீங்கும். விழ வேண்டாம், இடிக்க வேண்டாம். காலையில் எழுந்தால் உள்ளே சூடாக ஏதோ ஊறுவது போல இருக்கும். மதியத்துக்குள் கால் மடங்காது. ஒரு வாரம் படுத்தால் வற்றும். வற்றும்போது காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துவிட்டுப் போகும். இருபது வயதில் இடது குதிகால் தரையைத் தொடுவதை நிறுத்திவிட்டது. ஊரில் இதற்கு முனி அடி என்று பெயர். உச்சி வெயிலில் வாய்க்கால் ஓரம் போகிறவனை முனி அடிக்குமாம். நான் எந்த முனியையும் பார்த்ததில்லை. அடி மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

எனக்கு முப்பது வயதான வருடம். ஆனி மாதம். எங்கள் பக்கம் அந்த மாதம் காற்று ஆரம்பித்தால் லேசில் நிற்காது. வாழை இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கும். ஒரு வரப்பிலிருந்து அடுத்த வயலுக்கு இறங்கினேன். அவ்வளவுதான். விழவில்லை. சாயங்காலம் முழங்கால் தேங்காய் அளவு ஆனது. ஒருவர் எண்ணெய் போட்டு நீவினார். நீவக் கூடாது என்று இப்போது தெரியும். இன்னும் பெரிதானது. இன்னொருவர் ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரை எடுக்கிறேன் என்றார். வந்தது நீர் இல்லை. கறுத்த ரத்தம். ஊசி குத்திய துளை இரண்டு நாள் கசிந்தது. அதன் பிறகுதான் அம்மா என்னை ஆட்டோவில் ஏற்றித் தேனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் காலைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

"பல்லு விழுந்தப்போ ரத்தம் நிக்க எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாலு நாள் ஆகும் சார்."

"காது குத்துனப்போ?"

"எனக்குக் காது குத்தல சார்."

டாக்டர் என் காதைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் என் வயதில் காது குத்தாத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

அம்மா குறுக்கே சொன்னாள். "தாய்மாமன் மடியில வச்சுத்தான்யா குத்தணும். எனக்குக் கூடப்பொறந்தது ஒரே அண்ணன். இவன் பொறக்க முன்னமே போயிருச்சு. வேற ஆளு மடியில வச்சுக் குத்த எனக்கு மனசு வரல."

"அண்ணன் எப்படிப் போனாரு?"

"பல்லைப் பிடுங்கினாக. ரத்தம் நிக்கல. மூணா நாளு போயிருச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அவரு கால் எப்படி இருந்துச்சு?"

அம்மா என் காலைப் பார்த்தாள். "இது மாதிரித்தான்," என்றாள். பிறகு, "இந்தக் காலுதான்," என்றாள்.

என் ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் பெயர் வந்தது. ஹீமோபிலியா. டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பால் தயிராக உறைமோர் வேண்டும். ரத்தம் உறையவும் உடம்புக்குள் அப்படிப் பல சாமான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எட்டாம் நம்பர் சாமான் எனக்கு மிகவும் குறைவு. காயம் பட்டால் எல்லோருக்கும் முதலில் ஒரு அடைப்பு விழும். எனக்கும் விழும். அது மண்ணை வெட்டிப் போட்ட மடை மாதிரி. மேலே வேர் மண்ணோடு பெயர்த்த புல் கரணை வைத்து மிதித்தால்தான் நிற்கும். எனக்குப் புல் கரணை இல்லை. கொஞ்ச நேரம் நின்றது போல இருந்துவிட்டு அரித்துக்கொண்டு வந்துவிடும். மூட்டுக்குள் அப்படிக் கசியும் ரத்தம் எலும்பு முனையில் உள்ள வழுவழுப்பைத் தின்றுவிடுமாம். வீக்கம் வற்றிவிட்டது, சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்த நாளெல்லாம் உள்ளே தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

"இது அம்மா வழியா வர்றது," என்றார் டாக்டர். "பொம்பளைங்க சுமப்பாங்க. அவங்களுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. ஆம்பளைப் பிள்ளைக்கு வரும். எல்லாருக்கும் வரும்னு இல்ல, பூவா தலையா மாதிரி. கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. செல்வி. மயிலாடும்பாறைப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு."

"பிள்ளை?"

"ஒன்றரை வயசுல ஒரு பையன் சார். விக்கி."

"கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எங்களில் மாமன் சீர் என்று உண்டு. தங்கச்சி பிள்ளைக்கு நல்லது நடந்தால் மாமன் தட்டோடு போக வேண்டும். அந்தக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு அதுதான் தோன்றியது. அம்மாவின் அண்ணன் சின்னச்சாமி மாமா எனக்கு ஒரு சீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் விக்கிக்கு என்ன வைத்திருக்கிறேனோ.

தினமும் ஒரு பை ஏற்றினார்கள். கஞ்சித்தண்ணீர் நிறத்தில் இருக்கும். மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. அதில் எட்டாம் நம்பர் இருக்கும். முழங்காலைச் சுற்றி ஐஸ் வைத்து, அடியில் பட்டை வைத்துக் கட்டினார்கள். வலி இறங்கியது.

மதியம் பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நீள வராந்தாவைத் துடைப்பார்கள். ஈரம் காயும் வரை யாரும் நடக்க மாட்டார்கள். ஜன்னல் இடுக்கில் காற்று ஊதும். வெயில் வெள்ளையாகக் கிடக்கும். அப்படி ஒரு மதியத்தில்தான் முதலில் கேட்டது.

தொம், சர். தொம், சர்.

என் நடை. எனக்குத் தெரியாதா. என் கால் பட்டையில் கட்டிக் கட்டில்மேல் கிடந்தது. நடை வராந்தாவில் போனது. வார்டு வாசல் வரை வந்து நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஈரத் தரையில் ஒரு தடம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கெங்குவார்பட்டிப் பெரியவர் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார்.

"பெரியவரே, கேட்டுச்சா?"

"என்னத்த?"

"யாரோ என்னைய மாதிரியே நடந்து போறாக."

"உங் காலு உன்னைய நம்பாமத் தனியாக் கெளம்பிருச்சு போல. டீக்கடைப் பக்கம் போனா எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு."

சிரித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி கேட்டது. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த என் செருப்பு இரண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டு வாயை இறுக்கி முடிந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீக்கம் வற்றியதும் மூட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க அழைத்துப் போனார்கள். பார்த்தவர் ஷைனி சிஸ்டர். நர்ஸ் இல்லை, உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர். வார்டில் எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். குமுளிக்கு அந்தப் பக்கத்துக்காரர். மலையாளம் கலந்த தமிழ்.

இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணுக்கால். ஆறு மூட்டுக்கும் மார்க் போட்டார். இரண்டு கை வைத்த பாகைமானி ஒன்றை மூட்டில் வைத்து எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். நாடா வைத்து வீக்கத்தை அளந்தார். தொடைச் சதை மெலிந்திருக்கிறதா என்று பார்த்தார். உள்ளங்கையை முழங்காலில் வைத்துக் காலை மடக்கச் சொன்னார். உள்ளே நிலக்கடலைத் தோடு நொறுங்குகிற மாதிரி கேட்டது. அதற்கும் மார்க்.

"எத்தனை சிஸ்டர்?"

"சந்தோசப்படாதீங்க. இது மார்க் கூடினா மோசம். முட்டை வாங்கினாத்தான் பாஸ்."

"பள்ளிக்கூடத்துல இப்பிடி இருந்திருந்தா நான் பெரிய படிப்புப் படிச்சிருப்பேன்."

பிறகு நடை. நடக்கணும், படி ஏறணும், ஓடணும், ஒற்றைக் காலில் குதிக்கணும். நடந்தேன். படி ஏறினேன். ஓடச் சொன்னபோது அவரைப் பார்த்தேன். "சரி, வேண்டா," என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாகத் தரையில் நீளமாக ஒரு கறுப்பு ரெக்சினை விரித்தார். முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு துணியில் முடிந்து அதன்மேல் தட்டித் தட்டிச் சீராகப் பரப்பினார். அதில் நடந்தால் பாதம் எங்கே ஊன்றுகிறது, எங்கே ஊன்றவில்லை என்று தடம் சொல்லிவிடும்.

வாசலில் நின்ற அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏ ஆத்தா, என்ன பண்ற? அள்ளு அதை! உசுரோட இருக்கவனுக்குப் பரப்புறியே!"

ஷைனி சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். ஒருவர் செத்தால் கருமாதிக்கு முந்தின நாள், அவர் படுத்திருந்த இடத்தில் சாம்பலைச் சலித்துப் பரப்பிக் கதவைச் சாத்துவார்கள். விடிந்ததும் திறப்பார்கள். வந்து போயிருந்தால் தடம் இருக்கும் என்பார்கள்.

"பேடிக்கண்டா அம்மே," என்றார் சிஸ்டர். பயப்படாதே என்று அர்த்தம். "இது பரீட்சைதான்."

அம்மா என் கையை விடவில்லை. அந்த நேரத்தில் வராந்தாவில் கேட்டது. தொம், சர். ஆனால் இந்தத் தடவை சின்னதாக. கூடவே சலங்கை. ஒரு கால் ஜல் என்று முழுசாக. ஒரு கால் பாதியாக. ஜல், சில். ஜல், சில்.

அம்மாவின் கை என் கைமேல் ஜில்லிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம்.

விக்கி. காலில் தண்டை. பின்னால் செல்வி, அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் முருகேசன். என்னைப் பார்த்ததும் விக்கி, "மாமா" என்று கையை நீட்டிக்கொண்டு அந்தப் பவுடர்மேல் ஓடிவந்தான். யாரும் பிடிக்கவில்லை. வந்து என் வலது காலைக் கட்டிக்கொண்டான்.

கறுப்பு ரெக்சினில் அவன் தடம் இருந்தது. வலது பாதம் முழுதாக. இடது காலுக்கு ஐந்து விரல் மட்டும். குதிகால் இல்லை.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். வந்த குரல் அவள் குரல் மாதிரி இல்லை.

"நான் பத்து வயசுப் பிள்ளை. கதவைத் தொறந்ததும் நாந்தான் மொதல்ல பாத்தேன். சாம்பல்ல இதே தடம். இதே காலு. எங்கண்ணன் வந்துருச்சு."

அதுவரை அவள் இதை என்னிடம் சொன்னதில்லை.

ஷைனி சிஸ்டர் பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து இடது கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி நடக்கான்?"

"பத்து நாளா சிஸ்டர்," என்றாள் செல்வி. "வெளையாட்டுக்கு நுனிக்கால்ல நடக்கான்னு நெனச்சோம்."

"சூடா இருக்கு. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும். குதிகாலை ஊன்றினா வலிக்கும், அதான்."

டாக்டர் வந்து பார்த்தார். ஐஸ் வைக்கச் சொன்னார். விக்கியின் ரத்தத்தை எடுத்து, குத்திய இடத்தை வெகுநேரம் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். இதுவும் மதுரைக்குப் போக வேண்டும். முடிவு வரும் வரை ஊசி, கத்தி எதுவும் பிள்ளைமேல் படக் கூடாது என்றார்.

நான் கேட்டேன். "சார், மூணு பேருக்கும் ஏன் இடது காலு?"

"நோய் பரம்பரையா வரும். இடது, வலது அப்படி வராது," என்றார். கொஞ்ச நேரம் ரெக்சினைப் பார்த்தார். "தற்செயல்," என்றார்.

விக்கிக்குக் காதுகுத்து ஆவணியில் என்று பேசி வைத்திருந்தார்கள். முடி முன்பே பழனியில் இறக்கியிருந்தது. அம்மா அன்று சாயங்காலமே மாற்றிவிட்டாள்.

"வர்ற புதங்கெழமையே குத்தணும்," என்றாள். "செத்தவுக கேக்குற பிள்ளைக்கு ஒடம்புல ஒரு ஓட்டை போட்டுரணும். குறைப்பட்ட பிள்ளைய அவுக எடுத்துக்க மாட்டாக. எங்க சித்தி மகனுக்கு அப்பிடித்தான் பண்ணினாக. பொழச்சுக் கெடக்கான்."

"டாக்டர் சொன்னது கேக்கலையா?"

"டாக்டரு எங்கண்ணனப் பாத்தாரா?"

முருகேசன் கெட்டவன் இல்லை. லாரியில் மண் ஏற்றுகிறவன், அவசரக்காரன். "ரிசல்ட் வாரப்ப வரட்டும் மச்சான். காது குத்துறதுக்கும் அதுக்கும் என்ன இருக்கு? ஊரு பூராக் குத்துறாக. ஒரு சொட்டு ரத்தம்."

"நான் மடி தர மாட்டேன் மாப்ள."

மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. மடி தர மாட்டேன் என்று ஒரு தாய்மாமன் சொல்வது சாபம் மாதிரி. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முருகேசன் முகம் கறுத்தது. "ஒத்தக்காலு மடி எங்களுக்கும் வேணாம். உங்க பங்காளி முறையில மாமன் பத்துப் பேரு இருக்காக. நீங்க படுத்து ரெஸ்ட் எடுங்க."

போனார்கள். தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று செல்வி மட்டும் திரும்பி வந்தாள். குனிந்து வாளியை எடுப்பது போல என் காதருகே சொன்னாள்.

"அண்ணே, முந்தாநேத்து பிள்ளைக்கு ஈறுல ரத்தம். அரை நாளு நிக்கல. மஞ்சத்தூள் வச்சு மறைச்சுட்டேன்."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"எந் தலையிலதான விடியும். ஏற்கெனவே எங்க வீட்டுல வழி வழியா வருதுண்டு டாக்டர் சொல்லிட்டாரு." கண்ணைத் துடைத்தாள். "நீ எப்பிடியாச்சும் வந்துருண்ணே."

மறுநாளிலிருந்து எனக்குப் பை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை காலை வரை மதுரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. காதுகுத்துக்குப் போகிறேன் என்று ஷைனி சிஸ்டரிடம் சொன்னேன். காலை ஊன்றுவது தப்பு என்றார். பிறகு முழங்காலில் பட்டையை இறுக்கிக் கட்டி, ஒரு கட்டுப் பஞ்சுத்துணியும் அவர் போன் நம்பர் எழுதிய சீட்டும் கொடுத்தார். பை ஏற்றி நாலு நாள் ஆகிவிட்டது, இப்போது அடிபட்டால் பழைய ஆள்தான் என்றார். அது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் போனேன்.

வருசநாட்டுப் பஸ். ஜன்னல் கண்ணாடி எல்லாம் காற்றில் அடித்துக்கொண்டு வந்தது. மயிலாடும்பாறைக்கு முன்னால் இறங்கினேன். காது குத்துகிற கோயில் ஒரு பாறைமேல். கூரை இல்லாத சாமி. கீழிருந்து பார்த்தால் ஆட்கள் தெரிந்தார்கள், பேச்சுக் கேட்கவில்லை. காற்று எல்லாவற்றையும் வேறு பக்கம் கொண்டுபோனது. பாறையில் ஏறினேன். தொம், சர். பட்டை கட்டிய கால் கூடுதலாக இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்குள் அந்தச் சூடு ஊற ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது.

மேலே பலகை போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பங்காளி முறை மாமன். அவன் மடியில் விக்கி, வாயில் வெல்லம். எதிரே ஆசாரி தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு முதுகு காட்டி நின்றாள். என் சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்டது.

திரும்பவில்லை. அப்படியே உறைந்தாள். பிறகு பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"அண்ணே! பிள்ளைய விட்டுருண்ணே! என்னையக் கூட்டிட்டுப் போ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னாலும் பார்த்தார்கள்.

"அம்மா, நாந்தான்," என்றேன்.

நான் போய்ப் பலகைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"ஆசாரி, மொதல்ல எனக்குக் குத்துங்க."

முருகேசன் சிரித்தான். "முப்பது வயசுலயா? மொய் எழுதணுமா மச்சான்?" பெண்கள் சிரித்தார்கள்.

"குத்தின காதோட மடி தாரேன் மாப்ள. ஒண்ணே ஒண்ணு. பொங்கப் பானை எறக்குற வரைக்கும் பாருங்க. அப்ப என் ரத்தம் நின்னுருந்தா பிள்ளைக்குக் குத்துங்க. நானே பிடிச்சுக்கறேன்."

அவனுக்கு அதில் நஷ்டம் தெரியவில்லை. ஆசாரி என் இடது காதைத் தேய்த்துக் கம்பியை ஏற்றினார். எறும்பு கடித்த மாதிரி. ஒரு பொட்டு ரத்தம். துடைத்தார். நின்றுவிட்டது.

"பாத்தீகளா?" முருகேசன் கையைத் தட்டினான். "இம்புட்டுத்தான். இதுக்கா பயந்தீக?"

"பானை எறங்கட்டும்."

காற்றில் அடுப்பு எரியவில்லை. தகரம் வைத்து மறைத்தார்கள். அணைந்தது. மறுபடி மூட்டினார்கள். எனக்குள் பயம் இருந்தது. ரத்தம் வந்துவிடுமோ என்று இல்லை. இன்றைக்குப் பார்த்து வராமல் போய்விடுமோ என்று. முப்பது வருடம் நிற்காத ரத்தம் ஒரு நாள் நின்று பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று.

பானையில் நுரை தெரிந்தது. ஆசாரி கம்பியைத் துடைத்து மறுபடி எடுத்தார். விக்கி அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான். ஜல், சில். என் தோளைத் தொட்டான். கையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினான்.

"அச்சோ," என்றான்.

விரல் சிவப்பாக இருந்தது.

அப்போதுதான் கழுத்தில் சூடு தெரிந்தது. மடை உடைந்துவிட்டது. சொட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது. வேகம் இல்லை. அவசரம் இல்லை. மஞ்சள் வைத்தார்கள். காப்பித்தூள் வைத்தார்கள். கோயில் திருநீறு வைத்தார்கள். ஆசாரி பெருவிரலால் அமுக்கிப் பிடித்தார். அவர் விரல் இடுக்கில் வந்தது. துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு. பானை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. குலவை போட யாருக்கும் வாய் வரவில்லை. பாறைமேல் காற்றுச் சத்தம் மட்டும்.

ஆசாரி கம்பியைப் பெட்டியில் வைத்து மூடினார். "ஏப்பா, இந்தப் பாவம் எனக்கு வேணாம்," என்றார். "பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போங்க."

முருகேசன் விக்கியைத் தூக்கிக்கொண்டு பாறையிலிருந்து ஓடினான். வேன் பிடிக்க. வேனில் அம்மா என் தலையை அவள் மடியில் வைத்துப் பஞ்சுத்துணியால் காதை அமுக்கினாள். தேனி வரும்வரை கையை எடுக்கவில்லை. வழியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உனக்குக் குத்தியிருந்தா அப்பவே போயிருப்பியோ?"

சின்னச்சாமி மாமா உயிரோடு இருந்திருந்தால் மடி தந்திருப்பார். சின்ன வயதிலேயே குத்தியிருப்பார்கள். அவர் இல்லாததால்தான் என் காது தப்பியது. அம்மாவும் அதைத்தான் யோசித்திருப்பாள்.

டாக்டர் என்னைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. நான் செய்ததை வேறு யாரும் செய்யக் கூடாது. அதையும் எழுதச் சொன்னார். மூன்று பை ஏற்றிய பிறகுதான் காதில் ரத்தம் நின்றது. பாறை ஏறிய முழங்கால் பழையபடி வீங்கி இன்னும் இருபது நாள் கிடந்தேன். கெங்குவார்பட்டிப் பெரியவர், "காது குத்தப் போனவன் கெடா வெட்டுன மாதிரி வந்துருக்கான்," என்றார்.

மூன்றாம் நாள் விக்கியின் ரத்த முடிவு வந்தது. அதே நோய். என்னைவிடக் கொஞ்சம் மோசம். செல்வி அழுதாள். முருகேசன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் எனக்கு ஒரு ஜோடிச் செருப்பு கொண்டுவந்தான். இடது செருப்புக்கு மட்டும் குதியில் மூன்று விரல்கடை உயரம் வைத்துத் தைத்திருந்தது. ஷைனி சிஸ்டரிடம் அளவு கேட்டுத் தேனியில் சொல்லிச் செய்தானாம்.

"போட்டுப் பாருங்க மச்சான்," என்றான்.

விக்கிக்குச் சீக்கிரமே கண்டுபிடித்ததால் மூட்டு இன்னும் தின்னப்படவில்லை. கசிந்தால் உடனே ஊசி மருந்து, ஐஸ், ஓய்வு. வற்றியதும் பயிற்சி. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரெக்சின் விரித்தார்கள். இந்தத் தடவை பவுடர் முடிச்சை வாங்கித் தட்டியது அம்மா. சீராகப் பரப்பினாள். விக்கி ஓடினான். அம்மா குனிந்து பார்த்தாள். வலது பாதம் முழுதாக. இடது பாதம் விரல், பள்ளம், பிறகு சின்னதாக உருண்டையாக ஒரு குதிகால். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஆவணியில் காதுகுத்து நடந்தது. என் மடியில்தான். ஆசாரி சந்தனத்தைத் தொட்டுப் பிள்ளையின் இரண்டு காதிலும் வைத்தார். அவ்வளவுதான்.

என் முழங்கால் சரியாகவில்லை. ஆகாது. மார்க் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தச் செருப்புப் போட்டால் இரண்டு காலும் ஊன்றும். தொம், தொம். வீட்டுக்குள்ளும் அதைத்தான் போட்டிருக்கிறேன். விக்கியின் தண்டையும் இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சத்தம் போடுகிறது. ஜல், ஜல். அந்தப் பழைய நடை எங்கள் வீட்டில் இப்போது யாரிடமும் இல்லை.

போன ஆனியில் செல்வி வந்திருந்தாள். மதியம். வெளியே காற்று. விக்கி பாயில் தூங்கினான், செல்வி பக்கத்தில் கண் அசந்திருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கேட்டது. தொம், சர். தொம், சர். கதவு வரை வந்து நின்றது.

அம்மாவின் கையில் முறம் நின்றது. என் காலைப் பார்த்தாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"காத்து," என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வாசலில் வெயில்தான் கிடந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.

"பைய வாண்ணே," என்றாள். "பிள்ளை தூங்குறான்."